மொட்டை மாடிக்கு ஒரு சின்ன கேஸ் கிரில்: எதை வாங்குவது?

தம்பி கேட்டிருப்பது இதுதான். வடசென்னை தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் வீடு, நான்கு பேர். மேலே பொது மொட்டை மாடி, வீட்டை ஒட்டி ஒரு சின்ன பால்கனி. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கி வந்து சுட்டுச் சாப்பிட வேண்டும். வருஷத்தில் ஓரிரு முறை காரில் வெளியூருக்கும் எடுத்துப் போக வேண்டும். துபாயில் இருக்கும் மாமா ஒன்று வாங்கி வரட்டுமா என்கிறார். எத்தனை பர்னர், எந்தக் கம்பெனி, பால்கனியிலேயே வைத்துக்கொள்ளலாமா?

முதலில் நேரடியான பதில். மூடி உள்ள, ஒற்றை பர்னர் போதும், கிரில் தட்டு சுமார் 40க்கு 30 சென்டிமீட்டர், 30 மில்லிபார் அழுத்தத்தில் எரிகிற மேஜைக் கிரில். கூடவே ஐந்து கிலோ சிலிண்டர். இடம் மொட்டை மாடி. பால்கனியில் கேஸ் கிரில் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கம்பெனிப் பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கேஸ் அடுப்பு, ஹோட்டல் பர்னர் சர்வீஸ்தான் என் பிழைப்பு. அதனால் யாராவது கிரில் என்று சொன்னால் என் கண் முதலில் சிலிண்டர் பக்கம் போகும். உங்கள் தெருவில் எந்த கேஸ் சட்டப்படி, அலைச்சல் இல்லாமல், திரும்பத் திரும்பக் கிடைக்கும் என்பதை முடிவு பண்ணிவிட்டால் கடையில் இருக்கும் கிரில்களில் பாதிக்கு மேல் தானாகக் கழிந்துவிடும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆன்லைனில் அழகான சிவப்பு மூடியைப் பார்த்து வாங்கிவிட்டு, அப்புறம் "இதுக்கு எந்த சிலிண்டர் சார் போடணும்?" என்று கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள்.

அமெரிக்காவில் விற்கும் சின்ன கிரில்கள் பெரும்பாலும் ஒரு பவுண்டு புரொப்பேன் குப்பிக்காகச் செய்தவை. உள்ளே 465 கிராம் கேஸ் இருக்கும், மரை வைத்துத் திருகிப் போடுவது. அந்தக் குப்பி நம் ஊர்க் கடையில் கிடைக்காது. அதைப் பெரிய சிலிண்டரோடு இணைக்க என்று ஆன்லைனில் ஒரு டியூப் விற்கிறார்கள். அது அவர்கள் ஊர் சிலிண்டரின் வால்வுக்கானது, நம் வால்வில் உட்காராது. யாரோ மெக்கானிக்கைப் பிடித்து எப்படியோ மாட்டினாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கிரில்லிலேயே ஒரு ரெகுலேட்டர், சிலிண்டரில் ஒரு ரெகுலேட்டர் என்று அழுத்தம் இரண்டு முறை குறையும். தீ சோர்ந்துபோய் எரியும், மீன் சுடுவதற்குப் பதில் வேகும்.

மாமா வாங்கி வருவதில் தப்பே இல்லை. ஆனால் வாங்கும் முன் கிரில்லின் பின்பக்கமோ அடியிலோ ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் கேஸ் வகையும் அழுத்தமும் அச்சடித்திருக்கும். 'ஐ3பி/பி(30)', அதாவது ஆங்கிலத்தில் I3B/P(30), என்று இருந்தால் நல்லது. பியூட்டேன், புரொப்பேன், இரண்டும் கலந்தது எதுவானாலும் 30 மில்லிபாரில் எரியும் என்பது அதற்கு அர்த்தம். நம் வீட்டு எல்.பி.ஜி. அந்தக் கலவைதான், நம் வீட்டு ரெகுலேட்டர் கொடுப்பதும் ஏறக்குறைய அதே 30தான். அடைப்புக்குள் 50 என்று இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இயற்கை எரிவாயுவுக்கானது என்று போட்டிருந்தால் கண்டிப்பாக வேண்டாம். அதில் ஜெட் ஓட்டை, அதாவது பர்னருக்குள் கேஸ் பீறிடும் துளை, பெரிது, எல்.பி.ஜி.யை விட்டால் தீ மூடிக்கு மேல் எழும்பும். எண்ணூர் முனையத்திலிருந்து குழாய் கேஸ் (அது இயற்கை எரிவாயு) வீடு வீடாக வரத் தொடங்கியிருக்கிறதே, அதில் எல்.பி.ஜி. கிரில்லை மாட்டலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அதே காரணத்துக்காக, ஆனால் தலைகீழாக, அதுவும் கூடாது.

சரி, இங்கே என்னென்ன கேஸ் கிடைக்கிறது?

வீட்டு சமையலறையின் 14.2 கிலோ சிலிண்டர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோ பக்கம் வரும். வாராவாரம் அதைத் தோளில் தூக்கி மாடிப்படி ஏறுவது முதல் மாதம் உற்சாகமாக இருக்கும். அப்புறம் கிரில் பரணில் ஏறிவிடும். அதோடு, சமையலறையில் கழற்றி மாடியில் மாட்டி, திரும்பக் கழற்றி மாட்டுகிற ஒவ்வொரு தடவையும் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்கிறது. நான் பார்க்கிற கசிவுகளில் பல அந்த வாஷரில்தான் ஆரம்பிக்கின்றன.

உங்களுக்கு ஏற்றது ஐந்து கிலோ சிலிண்டர். இண்டேனில் 'சோட்டு' என்று பெயர் வைத்து விற்பது. கேஸ் ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். முகவரிச் சான்று தேவையில்லை, ஓர் அடையாள அட்டை போதும். கிலோ கணக்குப் போட்டால் வீட்டு சிலிண்டரைவிட விலை அதிகம்தான், ஆனால் ஒரு கையால் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம், கார் டிக்கியிலும் நிற்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ரெகுலேட்டரை அதே இடத்தில் கேட்டு வாங்கி, அங்கேயே மாட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, ஸ்பிரே டப்பா மாதிரி இருக்கும் பியூட்டேன் குப்பி, 220 கிராம் சொச்சம் பிடிக்கும். கேசட் அடுப்பு என்று ஒன்று தட்டையாக வருமே, அதில் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பூட்டுவது. இதன் மேல் வைக்க கொரியன் பாணியில் கிரில் தட்டும் கிடைக்கிறது. இரண்டு பேருக்கு, பயணத்துக்கு, இது வெகு சௌகரியம். ஒரேயொரு ஆபத்துதான், ஆனால் பெரிய ஆபத்து. அடுப்பைவிடப் பெரிய தட்டை வைத்தால் அது குப்பி இருக்கும் அறைக்கு மேலேயும் நீட்டிக்கொண்டு நிற்கும். தட்டின் சூடு கீழே இறங்கி குப்பியைக் காய்ச்சும். அந்தக் குப்பி 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். இரண்டு அடுப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பெரிய தட்டைப் போடுவதும் இதே கதைதான். மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய காருக்குள் குப்பியை விட்டுவிட்டுப் போவதும் இதே கதை.

நான்காவதாக ஒன்று, தெருவோரக் கடைகளில் தொங்கும் மினி சிலிண்டர். மேலேயே பர்னரைத் திருகி வைத்திருப்பார்கள். பேச்சிலர் அறைகளில் நிறையப் பார்க்கலாம். வாங்காதீர்கள். அதை நிரப்புவதே வீட்டு சிலிண்டரிலிருந்து திருட்டுத்தனமாக மாற்றித்தான். எவ்வளவு நிரப்பினார்கள், ஆவிக்கென்று மேல்பக்கம் இடம் விட்டார்களா என்பது நிரப்பியவருக்கே தெரியாது. சுடும் தீக்கு நேர்கீழே சிலிண்டர் இருப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பால்கனி விஷயம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தண்ணீர் மாதிரி பரவி, பள்ளமான இடத்தில் தேங்கும். நம் பக்கத்துப் பால்கனியை நினைத்துப் பாருங்கள். மூன்று பக்கம் இடுப்பளவு சுவர், நாலாவது பக்கம் வீட்டுக் கதவு. வாஷிங் மெஷின் ஒரு மூலையில், காயப்போட்ட துணி தலைக்கு மேலே, மேல் மாடிக்காரரின் பால்கனி அதற்கும் மேலே கூரையாக. கசிந்த கேஸ் அந்தத் தொட்டிக்குள் நின்று, கதவிடுக்கு வழியாகப் படுக்கையறைக்குள் போகும். ஹவுசிங் போர்டு, வாரியக் குடியிருப்புகளில் பால்கனிக்கு இரும்புக் கம்பி வேறு போட்டுப் பூட்டியிருப்பார்கள். அவசரத்துக்கு ஓட வழி கிடையாது. பால்கனிதான் வேண்டும் என்றால் மின்சாரக் கிரில் வாங்குங்கள். 2000 வாட் அளவில் கிடைக்கும், 16 ஆம்பியர் பிளக்கில் மாட்ட வேண்டும். சுவை கொஞ்சம் குறையும். பக்கத்து வீட்டு அக்காவின் காய்ந்த துணிக்குப் புகை போவது மட்டும் அதிலும் நிற்காது.

மொட்டை மாடியில் காற்றோட்டம் இருக்கிறது, மழைத்தண்ணீர் போகும் ஓட்டைகள் தரைமட்டத்தில் இருக்கின்றன, கேஸ் தேங்காது. அங்கே பிரச்சினை காற்று. கோடையில் மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் ஏறும், தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் மாடிகளில் சாயங்காலம் அது நன்றாகவே அடிக்கும். மூடி இல்லாத கிரில் அந்தக் காற்றில் எரியும், ஆனால் சூடு தட்டில் நிற்காது. மூடி கட்டாயம் என்று நான் அழுத்திச் சொல்வது அதற்காகத்தான். சின்னக் கிரில்களில் சூடான காற்று வெளியேறும் திறப்பு பெரும்பாலும் மூடியின் பின்னால் இருக்கும். காற்று அந்தப் பின்பக்கத்தில் அடித்தால் சூடு முன்பக்கம் தள்ளப்பட்டு நாப்பைக் காய்ச்சும், சில சமயம் பர்னரையே அணைக்கும். அதனால் கிரில்லின் பின்பக்கம் கடலைப் பார்த்து இருக்க வேண்டாம். காற்று பக்கவாட்டில் போகிற மாதிரி திருப்பி வையுங்கள். சிலிண்டர், வெளியேறும் சூடு படாத பக்கத்தில் நிற்கட்டும். கைப்பிடிச் சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். மேலே கேபிள் வயர் தொங்குகிறதா என்று ஒரு தரம் நிமிர்ந்து பாருங்கள், நம் மாடிகளில் அது தொங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பொது மாடி என்பதால் மற்ற குடித்தனக்காரர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. முதல் வாரம் ஆளுக்கு ஒரு துண்டு வஞ்சிரம் கொடுத்தால் இன்னும் நல்லது.

காற்று என்றதும் உப்பு ஞாபகம் வர வேண்டும். நம் பக்கத்தில் ஜன்னல் கம்பி என்ன பாடு படுகிறது என்று தெரியும். மெல்லிய தகரத்தில் பெயின்ட் அடித்த கிரில், பெயின்ட் உரிந்த இடத்திலிருந்து ஒரே மழைக்காலத்தில் துருவேறத் தொடங்கும். வார்ப்பு அலுமினியத்தில் உடலும் மூடியும் இருந்தால் துரு என்ற பேச்சே இல்லை. வெபர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கியூ வரிசைக் கிரில்கள் அந்த வகைதான். எவர்சில்வர் உடல் என்றால் அதில் பல தரம் உண்டு, 304 என்பது நல்ல ரகம். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி "ஒட்டல பாருங்க, 304" என்பார். ஒட்டினால் அது 430 மாதிரி மலிவு ரகம் என்பது கிட்டத்தட்ட சரி. ஆனால் ஒட்டாவிட்டால் 304தான் என்று சொல்லிவிட முடியாது. நிக்கல் குறைந்த 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, அதுவோ கடலோரத்தில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி தட்டும். பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விஷயம் புரிந்துவிடும்.

கடையில் நிற்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெட்டிக்கு மேல் அச்சடித்திருப்பதைவிட இதில்தான் விஷயம் இருக்கிறது.

மூடியைத் திறந்து விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கீல் கடகடவென்று ஆடினால் ஆறு மாதத்தில் மூடி ஒரு பக்கம் சாயும், அந்த இடுக்கில் சூடு போய்விடும். தட்டைத் தூக்கி எடையைப் பாருங்கள். வார்ப்பிரும்புத் தட்டு கனக்க வேண்டும். கனம்தான் சூட்டைப் பிடித்து வைப்பது. குளிர்ந்த மீனை வைத்ததும் தட்டு சூடு இறங்கிவிட்டால் மீன் ஒட்டும். மெல்லிய கம்பி வலைத் தட்டு பார்க்கப் பளபளப்பாக இருக்கும், வேலைக்கு ஆகாது. தட்டுக்குக் கீழே பர்னருக்கு மேல் கூரை மாதிரி ஒரு தகடோ, அல்லது பர்னரை மறைக்கும் அளவுக்கு அகலமான கம்பிகளோ இருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணெயும் மசாலாவும் நேராக பர்னர் துளையில் சொட்டினால் துளை அடைத்துக்கொண்டே இருக்கும். பர்னரை ஒரு ஸ்குரூவில் கழற்ற முடிந்தால் நல்ல டிசைன். ரிவெட் அடித்து ஒட்டியிருந்தால் அது கெட்டுப்போகும் நாளில் கிரில்லையே தூக்கிப்போட வேண்டியதுதான். கடைசியாக, எண்ணெய் வடிய ஒரு ஓட்டையும் அதன் கீழே இழுத்தெடுக்கும் தட்டும் வேண்டும்.

பாரிமுனை, ரத்தன் பஜார் பக்கம் ஹோட்டல் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் சிலிண்டர் மாட்டி எரித்துக் காட்டுவார்கள். தீ நீலமாக, எல்லாத் துளையிலும் ஒரே உயரத்தில் எரிய வேண்டும். நாப்பைக் குறைத்துச் சின்னதாக்கிவிட்டு, ஒரு அட்டையால் விசிறிப் பாருங்கள். லேசான விசிறலுக்கே அணைந்தால் நம் மாடியில் நிற்காது.

சூட்டைப் பற்றி விற்பனையாளர்கள் சொல்லும் எண்ணுக்கு மயங்க வேண்டாம். பி.டி.யு. (சூட்டை அளக்கும் அலகு) அதிகம் என்றால் கேஸ் அதிகம் குடிக்கும் என்பது மட்டும் நிச்சயம். வெபர் கியூ 1200 என்ற சின்னக் கிரில் மணிக்கு 8,500 பி.டி.யு.தான், அதாவது ஏறக்குறைய இரண்டரை கிலோவாட். தட்டு 189 சதுர அங்குலம், நான் மேலே சொன்ன 40க்கு 30 அளவு. கனமான தட்டும் இறுக்கமான மூடியும் இருப்பதால் அந்தச் சூடே போதுமானதாக இருக்கிறது. இரண்டு மடங்கு பி.டி.யு. போட்டு, தகர மூடி வைத்த கிரில்லைவிட இதில் கோழித் தொடை ஒழுங்காக வேகும். செலவுக் கணக்கும் சுலபம். ஒரு கிலோ எல்.பி.ஜி.யில் கிட்டத்தட்ட 12.8 யூனிட் (கிலோவாட்-மணி) சூடு இருக்கிறது. இரண்டரை கிலோவாட் கிரில் முழு வேகத்தில் ஒரு மணிக்கு 200 கிராமுக்குள் எரிக்கும். ஐந்து கிலோ சிலிண்டரில் 25 மணி நேரம். வாரம் ஒரு மணி நேரம் சுட்டால் கிட்டத்தட்ட அரை வருஷம் ஓடும். 2.2 கிலோவாட் கேசட் அடுப்பில் ஒரு குப்பி ஒண்ணேகால் மணி நேரம் சொச்சம் வரும்.

நான்கு பேருக்கு இரண்டு பர்னர் வேண்டுமா என்றால், ஒரு பக்கம் அதிகச் சூடு, இன்னொரு பக்கம் குறைந்த சூடு என்று வைத்துக்கொள்ள அது உதவும். கோழி, காடை நிறையச் சுடுபவர்களுக்குப் பிரயோஜனம். மீனுக்கு ஒன்றே போதும்.

வாங்கி வந்ததும் ஒரு பாக்கெட் பிரெட் வாங்குங்கள். மூடியைப் போட்டு பத்து நிமிஷம் சூடாக்கி, தட்டு முழுக்க பிரெட் துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, இரண்டு மூன்று நிமிஷத்தில் எல்லாவற்றையும் திருப்பிப் பாருங்கள். எந்த மூலை கருகியிருக்கிறது, எந்த மூலை வெள்ளையாகவே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தப் படத்தை மனசில் வைத்துக்கொண்டால் மீனின் தடித்த தலைப்பக்கத்தை எங்கே வைப்பது, வாலை எங்கே வைப்பது என்று தானாக வரும்.

வார்ப்பிரும்புத் தட்டை தோசைக்கல் பழக்குவது மாதிரியே பழக்க வேண்டும். எண்ணெய் தடவிச் சூடாக்கி, ஆற விட்டு, மறுபடி தடவி. சுட்டு முடித்ததும் சூடு இருக்கும்போதே அரை வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்த்தால் ஒட்டியதெல்லாம் வந்துவிடும். கம்பி பிரஷ் வேண்டாம், ஒரு கம்பி இழை உதிர்ந்து மீனில் ஒட்டினால் தொண்டையில் போய் நிற்கும். கடைசியாக ஒரு பூச்சு எண்ணெய். நம் காற்றில் இதை ஒரு வாரம் விட்டாலும் தட்டு சிவந்துவிடும்.

எந்த மீன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கிரில் வாங்குவதே அதற்குத்தானே. கானாங்கெளுத்தி இதற்கென்றே பிறந்தது. அதன் சொந்த எண்ணெயே போதும், விலையும் கம்மி. சங்கரா முழுசாக, இரண்டு பக்கமும் கீறி. வவ்வால் என்றால் திருப்பும்போது பதற வேண்டாம், சதை உறுதி. வஞ்சிரம் துண்டை விரல் கனத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். குழம்புக்கு வெட்டுகிற மாதிரி மெல்லிசாக வெட்டினால் காய்ந்துவிடும். எறாவும் கடமாவும் (கணவாய்) குச்சியில் கோத்து, இரண்டு இரண்டு நிமிஷம். நெத்திலியைத் தட்டில் போட்டால் பாதி பர்னருக்குப் போய்விடும், அது வாணலிக்கு உரியது.

மசாலா தடவிய மீன் ஒட்டுவது பற்றித்தான் அதிகம் புலம்பல் வருகிறது. எண்ணெயைத் தட்டில் ஊற்றாமல் மீனில் தடவுங்கள். மசாலாவைக் கெட்டியாகப் பூசாமல், அரை மணி ஊறிய பிறகு வழித்துவிட்டு மெல்லிய பூச்சாக விடுங்கள். தட்டு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வைத்ததும் கை சும்மா இருக்க வேண்டும். தோல் வெந்து முறுகியதும் மீன் தானாகத் தட்டை விடும். ஓரத்தில் கரண்டியை நுழைத்துப் பாருங்கள், எதிர்த்தால் இன்னும் ஒரு நிமிஷம் பொறுங்கள். பயமாக இருந்தால் இரண்டு பக்கமும் மூடும் மீன் கூடை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வாழையிலைத் துண்டை அடியில் போடுங்கள்.

கேஸில் கரி வாசனை வராதே என்பார்கள். கரி வாசனை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு, சொட்டுகிற கொழுப்பு சூட்டில் பட்டுப் புகையாகி மேலே வந்து மீனில் படுவதுதான். அது கேஸிலும் நடக்கும். இன்னும் வேண்டுமென்றால் காய்ந்த கொட்டாங்கச்சியை நொறுக்கி, அலுமினியத் தாளில் பொட்டலமாகக் கட்டி, நாலைந்து ஓட்டை போட்டு, தட்டுக்குக் கீழே ஓரமாகச் செருகி, புகை வந்ததும் மீனை வைத்து மூடியைப் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், காசிமேட்டில் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும். அந்த நாட்களில் காடை, கோழித் தொடை, அன்னாசித் துண்டு என்று மாறிக்கொள்ளலாம்.

பயணம். ரயிலில் சிலிண்டரோ குப்பியோ கிடையவே கிடையாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்ததற்குக் காரணம், சமைப்பதற்காக உள்ளே ஏற்றிய கேஸ் சிலிண்டர்தான். ரயில்வே சட்டத்தில் இதற்கு மூன்று வருஷம் வரை சிறை உண்டு. விமானத்தில் கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. மாமா புதுக் கிரில்லை கேஸ் இல்லாமல் கொண்டு வரலாம். ஏற்கெனவே எரித்துப் பழகிய கிரில்லில் கேஸ் வாசனை அடித்தால் அதையும் நிறுத்திவிடுவார்கள்.

காரில் போகும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாயில் பாதுகாப்பு மூடியை அழுத்திப் போட்டு, நிமிர்த்தி வைத்து, உருளாமல் கட்டுங்கள். படுக்க வைத்தால் திரவமாக இருக்கும் கேஸ் வால்வு பக்கம் வந்து நிற்கும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்கள். நடுவில் சாப்பிட நிறுத்தினால் நிழலில் நிறுத்துங்கள். பழவேற்காடு பக்கம் போனால் அங்கேயே மீன் வாங்கிச் சுடலாம், ஆனால் மணலில் கிரில்லை நேராக வைத்தால் ஒரு பக்கம் புதையும், ஒரு பலகை எடுத்துப் போங்கள். காப்புக்காட்டுக்குள் எந்த அடுப்பும் பற்ற வைக்கக் கூடாது. அருவிக்குப் போகிறோம், ஓரமாகச் சுட்டுக்கொள்கிறோம் என்ற பேச்செல்லாம் வனத்துறையிடம் எடுபடாது. டிசம்பரில் கொடைக்கானல், ஊட்டி என்றால் பியூட்டேன் குப்பி காலையில் மக்கர் பண்ணும். பியூட்டேனின் கொதிநிலையே பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழேதான், அதற்கும் கீழே குளிர்ந்தால் குப்பியிலிருந்து கேஸ் வெளியே வராது. எரியும்போது குப்பி தானே குளிர்ந்துபோவதால் ஐந்தாறு டிகிரிக் குளிரிலேயே தீ குறுகிவிடும். எல்.பி.ஜி. சிலிண்டரில் புரொப்பேனும் இருப்பதால் அது தாங்கும்.

டியூப் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். உள்ளே கம்பி பின்னிய ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, ஒன்றரை மீட்டருக்கு மேல் போகாமல். ஐந்து வருஷத்தில் மாற்ற வேண்டும், மாடி வெயிலில் கிடந்தால் அதற்கும் முன்பே. ஹோட்டல் அடுப்புக்குப் போடும், திருகி அழுத்தம் கூட்டுகிற ரெகுலேட்டரை "தீ நல்லா வரும்" என்று யாராவது மாட்டிக் கொடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு முறை மாட்டியதும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி எழும்புகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, என்ன சொல்ல.

பற்ற வைக்கும்போது மூடி திறந்தே இருக்க வேண்டும். ஐந்தாறு நொடியில் பற்றவில்லை என்றால் நாப்பை மூடிவிட்டு ஐந்து நிமிஷம் காத்திருந்து மறுபடி முயலுங்கள். மூடிய கிரில்லுக்குள் நிறைந்த கேஸ் ஒரே சமயத்தில் பற்றினால் புருவம் போகும், அதிர்ஷ்டம் இருந்தால் அதோடு போகும். எல்.பி.ஜி.க்கு நாற்றம் சேர்ப்பதே கசிவு தெரிய வேண்டும் என்பதற்காக. 2023 டிசம்பரில் அமோனியா கசிந்த இரவைப் பார்த்த எண்ணூர்க்காரர்களுக்கு, மூக்கு சொன்னால் உடனே நகர வேண்டும் என்று புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906.

ரொம்ப நாள் உபயோகிக்காமல் வைத்திருந்து எடுக்கும்போது பர்னர் குழாயை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். சிலந்தி உள்ளே வலை கட்டும், குளவி மண்கூடு வைக்கும். கேஸோடு காற்று கலக்கும் வாய் அடைபட்டால் தீ மஞ்சளாகும், புகைக்கரி படியும். மோசமாக அடைபட்டால் நாப்புக்குப் பின்னால், குழாய்க்கு வெளியே தீ எரியும். குழாய் கழுவும் பிரஷ் ஒன்றை விட்டுத் தேய்த்தால் போதும். எண்ணெய்த் தட்டை அன்றன்றைக்கே கழுவிவிடுங்கள், இல்லையென்றால் ராத்திரி மாடியில் பூனைக்கும் எலிக்கும் விருந்து. டியூபைக் கடித்து வைப்பது எலிதான். மூடி வைக்க ரெக்சின் உறை போட்டால் சூடு முழுக்க ஆறிய பிறகு போடுங்கள். மழைக்காலம் முழுக்க மாடியில் விடாமல், சிலிண்டர் இல்லாமல் கிரில்லை மட்டும் வீட்டுக்குள் கொண்டு வந்துவிடுங்கள்.

கம்பெனி? மேலே சொன்ன தகடு, தட்டு, மூடி, பர்னர் எல்லாம் சரியாக இருந்தால் எந்தப் பெயராக இருந்தாலும் எனக்குச் சம்மதம். ஒரே ஒரு கேள்வியைக் கடைக்காரரிடம் கேளுங்கள்: இந்த மாடலுக்கு பர்னரும் ஜெட்டும் தனியாக இங்கே கிடைக்குமா? நம் உப்புக்காற்றில் முதலில் போவது பர்னர். கிடைக்கும் என்று சொல்லி, உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்து காட்டினால் அங்கேயே வாங்கிவிடுங்கள்.